மடக்கு மேசையும் பெரியப்பாவின் கால் விரலும்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழ்ப்படியில் ஒட்டியிருக்கும் கம்பளத்தை ரம்பத்தால் அறுத்தவன் நான்தான். யாரும் சாட்சி இல்லை. ஆனால் வீட்டில் ரம்பம் பிடிப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் விசாரணை நீளவில்லை.

படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அலமாரிக்கு ஒரு தட்டு வேண்டியிருந்தது. பைன் பலகை ஒன்றை வாங்கி வந்து, வைத்து அறுக்க இடம் தேடினேன். சாப்பாட்டு மேசைக்குத் தடை உத்தரவு இருந்தது. வெளியில் மழை. இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் நவம்பர் மாதம் வேறு எப்படி இருக்கும்? சரி என்று பலகையை இரண்டாம் படியில் வைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு, நுனி வெளியே நீட்டியிருக்கும்படி செய்து அறுக்க ஆரம்பித்தேன். பாதி வரை நன்றாகத்தான் போனது. பலகை கொஞ்சம் நகர்ந்தது. நானும் கூடவே நகர்ந்தேன். ரம்பத்தின் நுனி கீழ்ப்படியைத் தொட்டுத் தொட்டு வருவது மரத்தூளில் தெரியவில்லை. கடைசியில் தூளோடு சேர்ந்து பழுப்பு நூலும் பறந்தபோதுதான் நிறுத்தினேன்.

மனைவி டீயோடு வந்து நின்றாள். பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இருபது வருடத்துத் தாம்பத்தியத்தில் எனக்குப் பயம் என்று ஒன்று இருந்தால் அது இந்த மௌனம்தான்.

இத்தனைக்கும் தோட்டத்துக் கொட்டகையில் மடக்கு வேலைமேசை ஒன்று இருந்தது. இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோதே இருந்தது. வீட்டை விற்ற மூதாட்டி, கணவரின் சாமான்கள் கொட்டகையில் கிடக்கின்றன, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் எறிந்துவிடுங்கள் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். நான் எறியவும் இல்லை, வைத்துக்கொண்டேன் என்றும் சொல்ல முடியாது. அதை வெளியே தூக்கிப் போட்டு மேலே பூத்தொட்டி வைத்தேன். பல மழைக்காலம் போனது. மேல்பலகையின் அடுக்குகள் நனைந்த நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் போல விரிந்துவிட்டன. திருகு இரண்டும் துருவேறி இறுகிப்போயின. ஒரு கைப்பிடி உடைந்திருந்தது. நான்கு பாதங்களில் ஒன்றுக்கு ரப்பர் இல்லை. அதனால் தொட்டியே ஆடிக்கொண்டுதான் இருந்தது. தொட்டியில் வைத்த கறிவேப்பிலையும் பிழைக்கவில்லை. அது வேறு கதை.

கம்பளச் சம்பவத்துக்கு மறுநாள் புத்தி வந்து, புதிதாக ஒரு மடக்கு மேசை வாங்கினேன். எந்தக் கடை, எந்தப் பெயர் என்பது இங்கே வேண்டாம். விலை மலிவு. பெட்டியைத் தூக்கியபோதே அடடா, எவ்வளவு லேசாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிதான் தப்பு.

அதில் ஒரு கதவுக்கட்டையைப் பிடித்து வைத்து இழைப்புளியைத் தள்ளினேன். கட்டை நகரவில்லை. மேசை நகர்ந்தது. தள்ளத் தள்ள மேசையும் நானும் கட்டையும் ஊர்வலமாகப் புறப்பட்டு, சமையலறைக் கதவில் தொடங்கி வேலி வரைக்கும் போய்விட்டோம். திருகை இறுக்கினால் மேல்பலகை நடுவில் வில்லாக வளைந்தது. குளியலறைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன்: 6 கிலோ. அப்புறம் ஏதோ தோன்றி, வெளியே கிடந்த பழையதையும் கழுவித் தூக்கி வந்து ஏற்றினேன். 14 கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. பலகை பாதி உளுத்துப்போன பிறகும்!

இழைப்பது என்றால் என்ன? கிடைமட்டமாக, உடம்பின் எடையோடு, திரும்பத் திரும்பத் தள்ளுவது. கீழே நிற்கும் சாமான் அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டும். தாங்குவதற்கு எடை வேண்டும், அல்லது அதை மிதித்துக்கொள்ள ஒரு இடம் வேண்டும். பழைய மேசையில் இரண்டும் இருந்தன: இரும்புத் தகட்டை அழுத்தி மடித்துச் செய்த கனமான சட்டம், அதற்குக் கீழே குறுக்கே கால் வைக்க ஒரு படி. புதியதில் அந்தப் படியே கிடையாது. படியை எடுத்துவிட்டால் செலவு மிச்சம். படத்தில் பார்ப்பவருக்கு வித்தியாசமும் தெரியாது.

புதியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழையதைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்க உட்கார்ந்தேன்.

பழையதின் பக்கச் சட்டத்தைத் தேய்த்தபோது ஆரஞ்சு நிறத்தில் பெயர் தெரிந்தது: பிளாக் அண்ட் டெக்கர் வொர்க்மேட். முன்பாதி கருவிகள் செய்யும் நிறுவனம், வொர்க்மேட் என்பது மேசையின் பெயர். இங்கிலாந்தில் ஒரு தலைமுறை ஆண்களுக்கு இந்தப் பெயர் நம் ஊரில் அம்மிக்கல் மாதிரி. எல்லா வீட்டிலும் ஒன்று இருந்தது. யாரும் அதைப் பற்றித் தனியாக யோசித்ததில்லை. இதைக் கண்டுபிடித்தவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு வந்த சிரிப்பில் மனைவியே என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

ரான் ஹிக்மன். 1932ல் தென்னாப்பிரிக்காவில், நேட்டால் பகுதியின் கிரேடவுனில் பிறந்தவர். (நேட்டால் என்றதும் நமக்கு 1860லிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.) இருபது வயதுகளில் லண்டனுக்கு வந்து, ஃபோர்டு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் இருந்து, பிறகு லோட்டஸ் கார் நிறுவனத்துக்குப் போனார். 1962ல் வெளியான லோட்டஸ் எலான் என்ற கார் அவர் கைவண்ணம். கார் பித்தர்கள் இன்றைக்கும் அதன் பெயரைச் சொன்னால் பெருமூச்சு விடுவார்கள். ஜப்பானின் மஸ்டா பிற்காலத்தில் எம்எக்ஸ்-5 செய்தபோது முன்மாதிரியாக வைத்துக்கொண்டதும் அந்தக் காரைத்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் 1961ல் வீட்டில் துணி அலமாரி ஒன்று செய்துகொண்டிருந்தார். பலகையை வைத்து அறுக்க இடமில்லை. வீட்டில் இருந்த விலையுயர்ந்த ஸ்வீடன் நாற்காலியின் மேல் வைத்து அறுத்தார். பலகையோடு நாற்காலியும் அறுபட்டது.

என் சிரிப்புக்குக் காரணம் புரிந்திருக்கும். அவர் அறுத்தது நாற்காலி, நான் அறுத்தது கம்பளம். அவர் அதிலிருந்து உலகத்துக்கே ஒரு மேசை செய்தார். நான் போய் 6 கிலோவில் ஒரு பொம்மை வாங்கினேன். அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம்.

அவர் செய்ததில் இருக்கும் சூட்சுமத்தைச் சொல்ல வேண்டும். வேலைமேசை என்றால் மேலே ஒரு பலகை, ஓரத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்க ஒரு இடுக்கி என்பதுதான் வழக்கம். இவர் மேசையின் மேல்பலகையையே இரண்டாகப் பிளந்து, மேசை முழுவதையும் இடுக்கியாக்கிவிட்டார். ஒரு பாதி அசையாது. இன்னொரு பாதி இரண்டு முனையிலும் தனித்தனித் திருகின் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு கைப்பிடியையும் ஒரே அளவு சுற்றினால் பலகைகள் இணையாக நெருங்கும். ஒன்றை அதிகமாகவும் இன்னொன்றைக் குறைவாகவும் சுற்றினால் பலகை சாய்ந்து நிற்கும். அப்போது ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த கட்டையைக்கூட இறுகப் பிடிக்கும். சாதாரண இடுக்கிக்கு இது வராது. நாற்காலிக் கால், கிரிக்கெட் மட்டை, சைக்கிள் சட்டம் என எதைக் கொடுத்தாலும் கவ்வும். பலகையில் வரிசையாகத் துளைகள். அவற்றில் முளைகளைச் செருகினால் இடுக்கின் வாயைவிட அகலமான கதவையோ பலகையையோ மேலே படுக்கவைத்துப் பிடிக்கலாம். கீழ்க்கால்களை மடக்கினால் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும்; அறுக்க வசதி. நீட்டினால் இடுப்புக்கு வரும், இழைக்க வசதி. வேலை முடிந்ததும் மொத்தமாக மடித்துச் சுவரில் மாட்டிவிடலாம்.

இதை எடுத்துக்கொண்டு ஹிக்மன் கருவித் தயாரிப்பாளர்களின் படியேறினார். யாருக்கும் வேண்டாம். இது டஜன் கணக்கில் விற்கலாமே தவிர நூற்றுக்கணக்கில் விற்காது என்று ஸ்டான்லி நிறுவனம் கையை விரித்தது. பிளாக் அண்ட் டெக்கரும் முதலில் மறுத்தது. 1967ல் லோட்டஸை விட்டு வெளியே வந்தவர், மறு ஆண்டிலிருந்து தானே செய்து தானே விற்கத் தொடங்கினார். அது விலைபோவதைப் பார்த்த பிறகு பிளாக் அண்ட் டெக்கருக்கு மனசு மாறி, 1973ல் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்தது. 1981க்குள் ஒரு கோடி மேசை விற்றுவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அவருக்குப் பங்கு வந்தது. 2011ல் ஜெர்சி தீவில் அவர் காலமானபோது விற்பனை 3 கோடியைத் தொட்டிருந்தது. மறுத்தவர்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. பட்டறை வைத்திருப்பவன் இதை ஏன் வாங்கப்போகிறான் என்று அவர்கள் யோசித்திருப்பார்கள். பட்டறையே இல்லாத கோடிப் பேர் வீட்டுக்குள் ரம்பமும் கையுமாக நாற்காலியைத் தேடிக்கொண்டிருப்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

எங்கள் குடும்பம் தச்சுக் குடும்பம். நாகர்கோவில் பக்கம். அப்பா மட்டும் படித்து வாத்தியார் ஆகிவிட்டார். பெரியப்பா உளியை விடவில்லை. எண்பதைத் தாண்டிய பிறகும் திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்கு எதையாவது செதுக்கிக்கொண்டிருக்கிறார். வாட்ஸாப்பில் அவரைக் கூப்பிட்டு மேசையைக் காட்டினேன்.

“இது என்னது மக்கா, இஸ்திரி போடுகதா?” என்றார்.

“இல்ல பெரியப்பா. மரத்தப் பிடிக்கதுக்கு.”

“மரத்தப் பிடிக்கதுக்கு எதுக்குடே மேசை? கால் என்னத்துக்கு இருக்கு?”

அவர் கேலி செய்யவில்லை. நான் சின்ன வயதில் பார்த்த பெரியப்பா தரையில்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு கட்டை குறுக்கே கிடக்கும். வேலை செய்ய வேண்டிய பலகையை அதன் மேல் சாய்த்து, இடது கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கவ்விக்கொள்வார். வலது குதிகால் மறுமுனையை அழுத்தும். உளி அந்தக் கால்விரலுக்கு நாலு விரல்கடைத் தூரத்தில் விளையாடும். பலகையைத் திருப்ப வேண்டுமென்றால் கை எடுக்க மாட்டார், காலே திருப்பிக்கொடுக்கும். நீளமான பலகையை இழைக்கும்போது தரையில் ஆப்படித்து அதில் முட்டுக்கொடுப்பார். அந்தப் பெருவிரல் மற்ற விரல்களை விட்டுத் தனியாக விலகி, அகன்று, ஒரு கட்டைவிரல் மாதிரியே ஆகியிருக்கும். அதில் இரண்டு வெட்டுத் தழும்பு. கேட்டால், பழகுற காலத்துல விழுந்தது என்பார்.

ஆக, ஹிக்மன் இரண்டு திருகு போட்டுச் செய்ததைப் பெரியப்பா இரண்டு காலால் செய்திருக்கிறார். சாய்வான கட்டையையும் பிடிக்கும், உருண்டையையும் பிடிக்கும், வேலை முடிந்தால் மடக்கிக்கொண்டு எழுந்து போகலாம். எனக்குத் தரையில் ஐந்து நிமிடம் சம்மணம் போட்டால் எழுந்திருக்க ஆள் வேண்டும். எனக்கு மேசைதான்.

“அதுக்குத் திருகு நல்லா இருக்கா பாரு. பலகை போனா மாத்திக்கிடலாம். திருகு போச்சுன்னா தூக்கிப் போடு,” என்றார் பெரியப்பா. இதற்கு முன்னால் அவர் இப்படி ஒரு மேசையைப் பார்த்ததே இல்லை. நான் இணையத்தில் இரண்டு நாள் தேடித் தெரிந்துகொண்டதை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

திருகைப் பார்த்தேன். துருவுக்கு உள்ளே புரிகள் முழுசாகவே இருந்தன. ஊடுருவும் எண்ணெயை அடித்து இரண்டு நாள் ஊறவிட்டேன். மூன்றாம் நாள் சுத்தியலால் நட்டின் மேல் சுற்றிலும் லேசாகத் தட்டினேன். ஓங்கி அடித்தால் வார்ப்பு உடையும். இது தட்டிக் கெஞ்சும் வேலை. குறட்டால் பிடித்து அரைச் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே என்று அசைத்துக்கொண்டே இருந்தேன். முதல் ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு சிறிய ‘கிர்ர்’. பல் டாக்டரிடம் மட்டும் கேட்கும் ஒலி அது. அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். வெளியே எடுத்தபோது புரிகளுக்கு நடுவே பழைய கிரீஸும் மரத்தூளும் சேர்ந்து புளி உருண்டை போல் இறுகிக்கிடந்தது. கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு புரியாகக் கிளறி எடுத்தேன்.

மறுபடி என்ன பூசுவது? கிரீஸ் போட்டால் தூள் ஒட்டி மறுபடி புளியாகும். ஊரில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். ரம்பத்துக்கும் அதுதான், தலைக்கும் அதுதான். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; இந்த ஊரில் வருடத்தில் பெரும்பாலான நாள் அது கல்லாகத்தான் இருக்கும். கடைசியில் ஒரு மெழுகுவத்தியை எடுத்து உலர்ந்த புரிகளில் தேய்த்துவிட்டேன். தூள் ஒட்டவில்லை. வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது.

கால்கள் மடங்கும் இடத்தில் ஒரு ரிவெட் தேய்ந்து, கால் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. துளைபோட்டு ரிவெட்டை எடுத்துவிட்டு போல்ட் போட்டேன். இங்கே ஒரு விஷயம்: சாதாரண நட் போட்டு முழுக்க இறுக்கினால் கால் மடங்காது, தளர்த்தி விட்டால் நாலு தடவை மடக்கியதும் கழன்று விழும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட் இருக்கிறதே, அது எந்த இடத்தில் விட்டோமோ அங்கேயே நிற்கும். மடங்கவும் வேண்டும், ஆடவும் கூடாது என்ற இடத்துக்கு அதுதான் சரி. அதைச் சோதிக்கும்போது விரலை நசுக்கிக்கொண்டதை விவரிக்கப் போவதில்லை. மடக்கு மேசை வைத்திருக்கும் யாருக்கும் அந்த நகம் கறுத்த கதை இருக்கும்.

பாத ரப்பர் கிடைத்த கதை எனக்குப் பிடித்தது. நார்தாம்ப்டன் காலணித் தொழிலுக்குப் பேர்போன ஊர். எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் செல்லப்பெயரே ‘செருப்புத் தைப்பவர்கள்’ என்றுதான் பொருள்படும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ரப்பர் துண்டுக்கு இணையத்தில் ஏன் அலைய வேண்டும் என்று, ஷூ பழுது பார்க்கும் கடைக்கு மேசையின் ஒரு காலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பெரியவர். காலை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு ஜோடி இல்லையே என்றார். பூட்ஸ் குதிகாலுக்குப் போடும் ரப்பரிலிருந்து வெட்டிப் பசைபோட்டு, இரண்டு ஆணியும் அடித்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். தன் வீட்டிலும் அப்பா காலத்து வொர்க்மேட் ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

உடைந்த கைப்பிடிக்கு அரத்தின் மரப்பிடி ஒன்றைத் துளைத்து மாட்டினேன். நான்கு முளைகளில் இரண்டுதான் இருந்தன. அலுவலகத்தில் முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் சொன்னேன், மறுநாள் எட்டு அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் கொட்டினான். இரண்டுக்குக் கேட்டால் எட்டு. அந்த அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் எல்லோருமே இப்படித்தான்.

இனி பலகை. இதில்தான் நான் சறுக்கினேன்.

பழைய பலகை பிளைவுட். பின்னால் வந்த மலிவு மேசைகள் பலவற்றில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இருக்கும். அது தண்ணீர் பட்டால் இட்லி மாதிரி உப்பிவிடும், திருப்பிச் சுருங்காது. அது வேண்டாம் என்று முடிவு செய்து, மரக்கடையில் பெர்ச் பிளைவுட் துண்டு வாங்கினேன். 24 மில்லிமீட்டர் தடிமனில் 17 அடுக்கு. ஓரத்தைப் பார்த்தால் பழுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை மாதிரி அழகாக இருந்தது. பெரியப்பாவிடம் காட்டினேன்.

“இது என்ன மரம்?”

“பெர்ச்.”

“கேள்விப்பட்டதில்ல. அயினி கெடைக்காதா?”

“இங்க எங்க பெரியப்பா அயினி?”

“பிளைவுட்டுல உளி வைக்காத. பசை உளியத் தின்னுபோடும்.”

உளி வைக்க வேண்டியிருந்தது. பலகைகள் சேரும் விளிம்பில் குழாய் மாதிரி உருண்டையானதைப் பிடிக்க ஒரு பள்ளம் வேண்டும். பெரியப்பா சொன்னபடியே ஆயிற்று. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் இருக்கும் பசை கண்ணாடி மாதிரி; பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உளியைத் தீட்ட வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க அதிலேயே போனது. பள்ளமும் கோணல்தான். ஆனால் குழாயைப் பிடிக்கிறது.

அது சறுக்கல் இல்லை. சறுக்கல் என்னவென்றால், பழைய பலகையைப் புதியதின் மேல் வைத்துத் துளைகளைக் குறித்தேன். திருகுக்கு மேலே பலகையைப் பிடித்திருக்கும் போல்ட் துளைகள், முளைத் துளைகள், எல்லாம். ஒன்பது துளை. ஒவ்வொன்றையும் அளந்து, அடியில் வீண்பலகை வைத்து, பிசிறில்லாமல் போட்டேன். போல்ட் தலை மேலே துருத்தாமல் உள்ளே அமர, வாயை அகலப்படுத்தியும் விட்டேன். கொண்டுபோய்ச் சட்டத்தின் மேல் வைத்தால் ஒரு துளையும் சேரவில்லை.

பழைய பலகையைக் குப்புறப் போட்டுக் குறித்திருக்கிறேன். துளைகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் பரவாயில்லை, இருக்கவில்லை. சரி, பலகையைத் திருப்பிப் போட்டால் சேருமே என்று திருப்பினேன். சேர்ந்தது. ஆனால் அகலப்படுத்திய வாய் எல்லாம் அடிப்பக்கம் போய்விட்டது. குழாய்ப் பள்ளமும் தப்பான இடத்தில். அரை மணி நேரம் அந்தப் பலகையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன், ஏதோ ஐந்தாவதாக ஒரு பக்கம் கிடைத்துவிடும் என்பது போல.

பெரியப்பாவிடம் சொல்லவில்லை. புதுத் துண்டு வாங்கினேன். இந்த முறை பழைய பலகையின் மேல்முகத்தில் பென்சிலால் ‘மேல்’ என்றும், புதியதிலும் ‘மேல்’ என்றும், எதற்கும் இருக்கட்டும் என்று சுவர்ப்பக்கம், என் பக்கம் என்றும் எழுதிக்கொண்டேன். பள்ளத்தை மறுபடி வெட்டினேன். இரண்டாவது சனிக்கிழமை. ஓரங்களை இழைத்து, கூர்மையை உடைத்து, மூன்று பூச்சு எண்ணெய் விட்டேன். ஓரத்தில் மட்டும் ஐந்து, ஏனென்றால் தண்ணீர் நுழைவது ஓரத்தில்தான்.

மொத்தச் செலவை யாராவது கேட்பார்கள். பாழான பலகையையும் சேர்த்தால், திருப்பிக் கொடுத்த அந்த மலிவு மேசையின் விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆயிற்று. நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் சிரிப்பார்கள். காசு மிச்சமாகும் என்று இதில் இறங்காதீர்கள். சட்டம் வளைந்திருந்தாலோ, திருகின் புரி மழுங்கியிருந்தாலோ நானே தூக்கிப் போட்டிருப்பேன். போட்டுவிட்டு, புதியதைத் தேடாமல் இன்னொரு பழையதைத் தேடியிருப்பேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானங்களில் காரின் டிக்கியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்பார்கள். அங்கே இப்படி ஒன்று அடிக்கடி கண்ணில் படும். கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் பேரம் பேசுங்கள். இரண்டு கைப்பிடியையும் கடைசி வரை சுற்றிப் பாருங்கள். பலகை எப்படி இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம்.

சென்ற வாரம் படுக்கையறைக் கதவைக் கழற்றி வந்தேன். கம்பளத்தில் உரசிக்கொண்டிருந்த கதவு. இந்தக் கம்பளமாவது பிழைக்கட்டும். கதவைப் பக்கவாட்டில் நிறுத்தி இடுக்கில் கொடுத்து இரண்டு கைப்பிடியையும் சுற்றினேன். பெரியப்பாவை வீடியோவில் கூப்பிட்டு ஜன்னலில் சாய்த்து வைத்திருந்தேன். இழைப்புளியை வைத்துத் தள்ளினேன். கதவு அசையவில்லை, மேசை மட்டும் மெல்ல முனகியது.

“கால வையிடே,” என்றார் பெரியப்பா.

கீழே இருந்த படியில் இடது காலை வைத்து மிதித்தேன். மறுபடி தள்ளினேன். இந்த முறை ஒரே சீராக, ஒரு முழ நீளத்துக்கு, காகிதம் மாதிரி ஒரு சீவல் சுருண்டு வந்தது. பெரியப்பா அதை எடுத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார். தடிமன் கூடுதல், இரும்பைக் கொஞ்சம் உள்ளே தட்டு என்றார்.

முதலில் பாழாக்கிய பலகையைத்தான் படிக்கட்டு அலமாரிக்குத் தட்டாகப் போட்டிருக்கிறேன். ஒன்பது துளையோடு. கீழ்ப்படியில் அறுபட்ட இடத்துக்கு மேலே ஒரு சின்ன மிதியடி விரித்திருக்கிறோம். யாராவது விருந்தாளி வந்தால் மனைவி அதைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் காபி கொடுக்கிறாள்.